வலியறிந்த வீரர் அபெபே பிக்கிலா

மாந்தர் கண்ட விளையாட்டுகள் பல. அவற்றுள் ஒருவன் தன் உடலோடு தானே நெடுநேரம் வழக்காடி வெல்ல வேண்டிய விளையாட்டு மாரத்தான் என்னும் நெடுந்தொலை ஓட்டமேயாகும். அதன் தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். எண்ணால் மட்டும் சொன்னால் இத்தொலைவின் அருமை விளங்காது. நம் பகுதியின் சாலைகளைக் கொண்டே அதனை அளந்து பார்க்கலாம்.

செங்கற்பட்டிலிருந்து புறப்பட்டுத் திருக்கழுக்குன்றத்தைக் கடந்து மாமல்லபுரத்துக் கடற்கரையை அடைந்தால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆகும். அங்கும் நில்லாது தெற்கே திரும்பிக் கடலை ஒட்டியே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை வரை சென்றால்தான் ஒரு மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு ஏறக்குறைய நிறைவுறும். இவ்வழியில் மாமல்லபுரம் அமைந்துள்ள இடம் கருதத்தக்கது. மனித உடல் தன் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்துள்ள சர்க்கரைப் பொருள், விரைந்து ஓடுவார்க்குப் பெரும்பாலும் 30 கிலோமீட்டர் அளவில் தீர்ந்துபோகும் நிலையை எட்டுகின்றது. அதன்பின் கால்கள் கல்லாய்க் கனக்கும்; தொடைத் தசைகள் இறுகும்; மூச்சு முட்டும்; மனம் நின்றுவிடச் சொல்லும். அந்நிலையிலும் எஞ்சிய 12 கிலோமீட்டரை ஓடி முடிப்பவனே மாரத்தான் வீரன்.

இவ்வோட்டத்தை உலகமே வியக்க ஓடியவர் எத்தியோப்பிய நாட்டின் அபெபே பிக்கிலா. வலியைப் பொறுத்தவர் என்று மட்டும் அவரைப் புகழ்ந்து அமைவது உலக வழக்கு. ஆயின், அவர்தம் வாழ்வை முழுமையாக நோக்குவார்க்கு அதனினும் ஆழ்ந்த பாடம் ஒன்று புலனாகும். வலியைப் பொறுக்கவும், வலியின் சொல்லுக்குச் செவிசாய்க்கவும், வலிக்குப் பின் மீண்டும் எழவும் அறிந்தவர் அவர். இம்மூன்றும் ஒருவரிடத்தே அமைவது அரிது.

நாடும் இளமையும்

எத்தியோப்பியாவின் பழம்பெயர் அபிசீனியா. இஸ்லாமிய வரலாறு பயின்றோர்க்கு இந்நாடு புதியதன்று. மக்கத்துக் குறைஷியரின் கொடுமைக்கு ஆளாகி நாடு துறந்த தொடக்ககால முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்த நீதிமிகு நஜ்ஜாஷி மன்னர் ஆண்ட நாடு அது. பழம்பெருமை வாய்ந்த அந்நாட்டின் மலைநாட்டுச் சிற்றூராகிய ஜாட்டோவில், கால்நடை மேய்க்கும் எளிய குடும்பத்தில், 1932ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள் பிக்கிலா பிறந்தார். அதே நாளில்தான் கடல்கடந்த லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் அவ்வாண்டு ஒலிம்பிக் விழாவின் மாரத்தான் ஓட்டம் நிகழ்ந்தது என்பது வியத்தற்குரிய ஒற்றுமை.

அவர் மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபோது, 1935ஆம் ஆண்டில், முசோலினியின் இத்தாலியப் படை எத்தியோப்பியாவின் மீது பாய்ந்தது. அடுத்த ஆண்டில் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. பேரரசர் ஹைலே செலாசி நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1937ஆம் ஆண்டில், அக்சும் என்னும் தொன்னகரில் வீழ்ந்து கிடந்த பழம்பெரும் கல்தூண் ஒன்றையும் இத்தாலியர் பெயர்த்தெடுத்துச் சென்று ரோம் நகரில் வெற்றிச் சின்னமாக நிறுத்தினர். 1941ஆம் ஆண்டில் நாடு மீண்டும் விடுதலை பெற்றது. ஆயினும், தூண் ரோமிலேயே நின்றுவிட்டது. இத்தூணைப் பற்றிப் பின்னரும் காண்போம்.

மலைச்சரிவுகளில் கால்நடைகளின் பின்னே வெறுங்காலோடு ஓடித் திரிந்த சிறுவன், வளர்ந்து தலைநகர் வந்து பேரரசரின் மெய்க்காவற்படையில் வீரராகச் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராய் விளங்கிய ஸ்வீடன் நாட்டவர் ஒன்னி நிஸ்கானென், இவ்விளைஞரிடம் புதைந்து கிடந்த ஆற்றலைக் கண்டுகொண்டார். அடிஸ் அபாபா கடல்மட்டத்திற்கு மேல் 2,300 மீட்டருக்கும் உயர்ந்த மேட்டுநிலத்தில் அமைந்த நகரம். அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. அத்தகைய இடத்தில் வாழ்ந்து பயில்வோரின் குருதி, மிகுதியான உயிர்வளியைச் சுமக்கும் திறம் பெறுகின்றது. இயற்கை தந்த இவ்வாய்ப்பும், நிஸ்கானென் வகுத்த முறையான பயிற்சியும், பிக்கிலாவின் அயரா உழைப்பும் ஒருங்கே கூடின.

ரோமில் வெறுங்கால்

1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா ரோம் நகரில் நடைபெற்றது. நம் நாட்டு மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றது அவ்விழாவில்தான். அங்குக் கிடைத்த புதிய காலணிகள் பிக்கிலாவின் கால்களுக்குப் பொருந்தவில்லை, கொப்புளங்களை எழுப்பின. வெறுங்காலால் ஓடிப் பழகியிருந்த அவர், போட்டியிலும் வெறுங்காலாலேயே ஓடத் துணிந்தார். நம் கடற்கரைக் குப்பங்களில் சுடுமணலிலும் கிளிஞ்சல் துண்டுகளிலும் இயல்பாக நடந்து செல்லும் மீனவரின் காலடிகளைக் கண்டவர்கள், பழக்கம் காலுக்குத் தரும் உரத்தை உணர்வார்கள். எனினும், கருங்கற்கள் பாவிய பழைய ரோமானியச் சாலையில் 42 கிலோமீட்டர் ஓடுதல் எளிய செயலன்று.

செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் மாலையில் ஓட்டம் தொடங்கியது. வெயிலின் கொடுமையைத் தவிர்க்கவே மாலைப்பொழுது தேர்ந்துகொள்ளப்பட்டது. இருள் சூழ்ந்தபோது, ஆப்பியன் சாலையின் இருமருங்கிலும் படைவீரர்கள் தீப்பந்தம் ஏந்தி வழிகாட்டினர். பிக்கிலாவை அறிந்தோர் அங்கு மிகச் சிலரே. மொராக்கோ நாட்டு ராடி பின் அப்தஸ்ஸலாம் என்பாரை எண்ணால் அடையாளம் கண்டு, அவரை விடாது தொடருமாறு பிக்கிலாவுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. ஆனால், ராடியோ எதிர்பார்த்த எண்ணை அணியாமல் வேறோர் எண்ணோடு ஓடினார். தம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பவர்தாம் ராடி என்பதை அறியாமலே, பிக்கிலா முன்னே ஓடுவாரிடையே அவரைத் தேடிக்கொண்டு ஓடினார்.

இருவரும் இணைந்தே நெடுந்தொலைவு ஓடினர். முடிவெல்லை நெருங்கியது. அவ்வழியில்தான் அக்சும் நகரத்துக் கல்தூண் நின்றிருந்தது. அவ்விடத்தை அடைந்ததும் முழு வேகத்தையும் காட்டி முந்துவது என்று பயிற்சியாளரும் வீரரும் முன்னரே முடிவு செய்திருந்தனர். தம் நாட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தூணின் அருகிலிருந்தே பிக்கிலா தம் வெற்றிப் பாய்ச்சலைத் தொடங்கினார். கான்ஸ்டன்டைன் வளைவின் கீழ் அவர் ஓட்டத்தை முடித்தபோது 2 மணி 15 நிமிடம் 16.2 வினாடி ஆகியிருந்தது. உலகில் அதுவரை எவரும் அவ்வளவு விரைவாக மாரத்தான் ஓடியதில்லை. ராடி 25 வினாடி பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார். முதலிரு இடங்களும் ஆப்பிரிக்கக் கண்டத்திற்கே கிடைத்தன. கருப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ஆப்பிரிக்க நாடுகள் பல விடுதலை பெற்ற அதே 1960ஆம் ஆண்டில், படையெடுத்து வந்தவர்களின் தலைநகரில், படைக்கலம் ஏதுமின்றிக் கால்களால் மட்டும் ஓர் எளிய வீரர் வென்றார்.

டோக்கியோவில் ஆறாப் புண்

1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்குரிய ஏற்பாடுகளில் பிக்கிலா ஈடுபட்டிருந்தபோது, செப்டம்பர்த் திங்களில் அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டு அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தது. ஓட்டத்திற்கு ஆறு வாரங்கள்கூட இல்லை. வயிற்றுத் தசை அறுபட்ட ஒருவர், ஒவ்வோர் அடியிலும் அத்தசை குலுங்கும் ஓட்டத்தில் இறங்குவது இயலாது என்றே பலரும் கருதினர்.

அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், இம்முறை காலணி அணிந்து, பிக்கிலா களம் இறங்கினார். தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் முன்னணியில் ஓடினார். பாதித் தொலைவுக்குள் பிக்கிலா முன்னேறினார். அதன்பின் அவரைத் தொடர்வாரில்லை. 2 மணி 12 நிமிடம் 11.2 வினாடியில் புதிய உலகச் சாதனையோடு அவர் அரங்கினுள் நுழைந்து எல்லையைத் தொட்டார். இரண்டாமவர் நான்கு நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கியே வந்தார். ஓடி முடித்த பிக்கிலா சோர்ந்து விழவில்லை. புல்தரையில் படுத்துக் கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யலானார். கண்டோர் திகைத்தனர். ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் வீரர் என்னும் பெருமை அவருக்குக் கிட்டியது. எத்தியோப்பிய நாட்டுப்பண் இசைக்குழுவினருக்குத் தெரியாமையால், வெற்றி மேடையில் அவருக்காக ஜப்பானிய நாட்டுப்பண்ணே இசைக்கப்பட்டது என்பர்.

அதே ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்ற ஜப்பானிய வீரர் கோகிச்சி சுபுராயாவையும் இவ்விடத்து நினைத்தல் வேண்டும். இரண்டாமவராக அரங்கினுள் நுழைந்த அவர், தம் நாட்டு மக்களின் கண்ணெதிரே பிரிட்டன் வீரர் பேசில் ஹீட்லியால் முந்தப்பட்டார். அடுத்த ஒலிம்பிக்கில் நாட்டின் மதிப்பை மீட்டே தீர வேண்டும் என்னும் சுமை அவர் நெஞ்சில் ஏறியது. முதுகு நோவு அவரை வாட்டியது, உடல் ஒத்துழைக்கவில்லை. 1968ஆம் ஆண்டு சனவரியில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வலியைப் பொறுப்பதே வீரம் என்று மட்டும் ஒருவனுக்குக் கற்பித்து, வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு இடம் தராத உலகம் எத்தகைய இழப்பைத் தேடிக்கொள்கிறது என்பதற்கு அவ்வாழ்வு ஒரு சான்று.

மெக்சிகோவில் நின்ற கால்

1968ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள், கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த மெக்சிகோ நகரில் பிக்கிலா மூன்றாம் முறையாக ஒலிம்பிக் மாரத்தானில் நின்றார். மும்முறை வென்ற ஒரே வீரர் என்னும் புகழ் அவருக்காகக் காத்திருந்தது. ஆனால், அவர் கால் முன்பே காயமுற்றிருந்தது. அந்நோவோடுதான் ஓட்டத்தைத் தொடங்கினார். பாதித் தொலைவை எட்டுமுன்னரே மேலும் ஓட இயலாமற்போக, அவர் வழியில் நின்றுவிட்டார். அவருடைய நாட்டவரும் தோழருமாகிய மாமோ வோல்டே தொடர்ந்து ஓடி 2 மணி 20 நிமிடம் 26.4 வினாடியில் தங்கம் வென்றார். எத்தியோப்பியாவுக்கு அது தொடர்ந்து மூன்றாம் மாரத்தான் வெற்றியாயிற்று.

அதே நாளில் தான்சானிய வீரர் ஜான் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்து முழங்காலில் கடுங்காயமுற்றும், கட்டுப்போட்ட காலோடு நொண்டி நொண்டி, வென்றவர் முடித்து ஒரு மணி நேரத்திற்கும் மேலான பின்னர், இருள் சூழ்ந்த அரங்கினுள் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். அவரை உலகம் இன்றும் போற்றுகின்றது, போற்றுதல் தகும். ஆயின், நின்றுவிட்ட பிக்கிலா அவரினும் தாழ்ந்தவரா என்னும் வினா எழுதல் இயல்பு.

உழைப்பினால் வரும் வலி ஒன்று. உடல் உடைவதனால் வரும் வலி பிறிதொன்று. முன்னது மாமல்லபுரத்திற்கு அப்பால் உள்ள 12 கிலோமீட்டரில் எல்லா ஓட்டக்காரரும் எதிர்கொள்வது. அதனைப் பொறுத்துக் கடந்தால் உடல் உரம் பெறும். பின்னது எலும்பும் தசைநாரும் விடுக்கும் எச்சரிக்கை. அதனைப் புறக்கணித்தால் கால் நிலையாகக் கெடவும் கூடும். ரோமிலும் டோக்கியோவிலும் முன்னதை வென்ற பிக்கிலா, மெக்சிகோவில் பின்னதை மதித்தார். இருமுறை உலகை வென்ற ஒருவர், பல்லாயிரம் கண்கள் நோக்க, தோல்வியை ஏற்று நிற்பதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் எலும்பெழுந்த உடலோடு ஒற்றைக்காலில் நின்று தவமியற்றும் துறவி ஒருவரைக் காண்கிறோம். அதே பாறையின் கீழ்ப்பகுதியில் பூனை ஒன்றும் முன்னங்கால்களை உயர்த்தி அவ்வாறே நிற்கின்றது. அதனைச் சுற்றி எலிகள். உருவில் இரண்டும் தவமே. உள்ளத்தில் ஒன்று தவம்; மற்றொன்று வேடம். வருத்திக்கொள்ளுதல் மட்டுமே பெருமையாகாது, எதன்பொருட்டு வருந்துகிறோம் என்பதே பெருமைக்கு அளவுகோல் என்பதைப் பல்லவச் சிற்பி நகைச்சுவையோடு கல்லில் வடித்துள்ளார். பிறர் புகழ்ச்சிக்காகத் தம் காலை முறித்துக்கொள்ளாத பிக்கிலாவின் நிலையும் இக்கருத்துக்கு இசைந்ததே.

சக்கர நாற்காலியில் நான்காம் ஓட்டம்

1969ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓரிரவு, பிக்கிலா ஓட்டிச் சென்ற மகிழுந்து நிலைதடுமாறி விபத்துக்குள்ளானது. இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே சிக்கிக் கிடந்தார். தண்டுவடம் சிதைந்தது. உலகை வென்ற கால்கள் உணர்விழந்தன. முதலில் கைகளும் இயங்கவில்லை. பேரரசர் அவரை இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு அனுப்பினார். தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு விளையாட்டையே மருந்தாக்கிய லுட்விக் குட்மன் என்னும் மருத்துவரால் புகழ்பெற்ற இடம் அது. மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் விழாவுக்கு வித்திட்ட போட்டிகள் 1948ஆம் ஆண்டில் அம்மருத்துவமனை வளாகத்தில்தான் தொடங்கின.

பல மாத மருத்துவத்தால் கைகள் மீண்டன, கால்கள் மீளவில்லை. பிக்கிலா ஓய்ந்தாரில்லை. 1970ஆம் ஆண்டில் ஸ்டோக் மாண்டவில் போட்டிகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தையிலும் மேசைப் பந்தாட்டத்திலும் பங்கேற்றார். 1971ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த 25 கிலோமீட்டர் பனிவண்டிப் போட்டியில் வெற்றியும் பெற்றார். பனி மிக அரிதான நாட்டில் பிறந்து, காலால் வாழ்ந்த ஒருவர், பனியில் வென்றார். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அவர் அழைக்கப்பட்டார். அவ்வாண்டு மாரத்தானில் தங்கம் வென்ற அமெரிக்க வீரர் பிராங்க் ஷார்ட்டர், பதக்கம் பெற்றபின் பிக்கிலாவிடம் சென்று கைகுலுக்கினார்.

1973ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள், மூளையில் ஏற்பட்ட குருதிக் கசிவால் பிக்கிலா தம் 41ஆம் வயதில் மறைந்தார். பேரரசரும் பல்லாயிரம் மக்களும் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டனர். அடிஸ் அபாபாவில் ஓர் விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ரோமில் நின்ற அக்சும் தூண் 2005ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, 2008ஆம் ஆண்டில் பழைய இடத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது. அவர் வெற்றியின் பொன்விழா ஆண்டாகிய 2010இல் ரோம் நகர மாரத்தானில் முதலில் வந்த எத்தியோப்பிய இளைஞர் சிராஜ் ஜெனா, முடிவெல்லைக்குச் சிறிது முன்னர்த் தம் காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓடி எல்லையைக் கடந்தார். முன்னோர்க்கு ஒரு தலைமுறை செய்யத்தக்க வணக்கம் இதனினும் வேறில்லை.

நாம் கொள்ளத்தக்கது

நம் நாட்டிலும் இவ்வழியில் ஒருவர் தோன்றினார். பீகார் மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, படைவீரராக இருந்து, வெறுங்காலோட்டத்தால் பெயர்பெற்ற சிவநாத் சிங், 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆம் இடம் பெற்றார். 1978ஆம் ஆண்டில் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் அவர் ஓடிய ஓட்டத்தை 40 ஆண்டுகளுக்கு மேலாக எந்த இந்தியராலும் முறியடிக்க இயலாதிருந்தது. எளிய குடியில் பிறந்தோர்க்கும், விலையுயர்ந்த கருவிகள் இல்லாதோர்க்கும் உயர்வு உண்டு என்பதற்கு இவ்விருவரும் எடுத்துக்காட்டாவர்.

மாணவச் செல்வங்கள் பிக்கிலாவிடம் கற்கத்தக்கவை இரண்டு. இயலும் எனும்போது வலிக்கு அஞ்சி உழைப்பைக் கைவிடலாகாது என்பது ஒன்று. பாடநூலின் முன்னும், ஆடுகளத்திலும், குடும்பச் சுமையின் கீழும் இஃது உண்மையே. இயலாது என்று உடலும் உள்ளமும் உணர்த்தும்போது, அதனை மறைக்காமல் உரியவரிடம் உரைத்து, நின்று, மருந்து கொண்டு, மீண்டும் எழுதல் மற்றொன்று. நின்றதனால் பிக்கிலாவின் புகழ் குறையவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் இதிலோர் கடமை உண்டு. ஊக்கம் ஊட்டுதல் நம் பணி; அதனினும் அரிய பணி, வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அவனைக் கோழை என்று தள்ளிவிடாமல், அது எவ்வகை வலி என்று பொறுமையோடு கேட்டறிதல். நிஸ்கானெனைப் போன்ற ஒரு வழிகாட்டி கிடைத்தால் மேய்ச்சல் நிலத்திலிருந்தும் ஒரு மாவீரன் எழுவான். கேட்பாரின்றி விடப்பட்டால் சுபுராயாவைப் போன்ற பேராற்றலும் வீணே கருகும். செங்கற்பட்டிலிருந்து கடற்கரை வரை உள்ள ஊர்களிலிருந்து நாள்தோறும் கல்விச்சாலைகளை நோக்கிப் புறப்படும் நம் இளைஞரிடையேயும் நெடுவழி ஓடவல்ல கால்கள் இருக்கின்றன. அவற்றை அறிந்து, காத்து, உரிய காலத்தில் ஓடச் செய்வது நம் அனைவர்தம் பொறுப்பாகும்.